டர்பனில் கிச்சன் செய்யக் கொடுப்பவர்களுக்கு: நிறத்தின் பெயரை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். எங்களுக்கு ஒரு பச்சையைக் காட்டிவிட்டு இன்னொரு பச்சையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நிறம் மாறியதற்குக் காரணம், கதவே வேறு. புகார் இன்னும் நடக்கிறது, அதனால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

நாங்கள் கேட்டது எளிமையான சேர்க்கைதான். கீழே உள்ள அலமாரிகள் சாம்பல் கலந்த வெளிர் பச்சை, மேலே உள்ளவை லேசாக மஞ்சள் சாயல் அடிக்கும் வெள்ளை, ஃப்ரிட்ஜைச் சுற்றி வரும் உயரமான அலமாரி மட்டும் மர வரி, அதாவது மரத்தின் கோடுகள் தெரியும் பலகை. கவுன்டர் ஏற்கெனவே ரஸ்டன்பர்க் கிரானைட். இந்த ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் அதே கருஞ்சாம்பல் கல்தான். கல்லை மாற்றப் போவதில்லை என்றால் நிறத்தேர்வு கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். பளிச்சென்ற பச்சையை அந்தக் கல்லுக்குக் கீழே வைத்தால் இரண்டும் ஒட்டாது. சாம்பல் கலந்த பச்சை அதோடு அமைதியாகச் சேரும். அதற்காகத்தான் குறிப்பாக அந்தப் பச்சையைக் கேட்டோம்.

முழுக்க வெள்ளை வேண்டாம் என்று மாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார். தினமும் மஞ்சளும் மசாலாவும் எண்ணெயும் புழங்கும் அடுப்படி. மஞ்சள் கறை வெயில் பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் எங்கள் சமையலறை ஜன்னல் தெற்கே பார்த்தது. இங்கே தென்கோளத்தில் வடக்கு ஜன்னலுக்குத்தான் வெயில் வரும். தெற்கு ஜன்னலில் நாள் முழுவதும் நீலம் பாய்ந்த வெளிச்சம் மட்டும்தான். இணையத்தில் கிடைக்கும் நிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை வடகோளத்து வீடுகளுக்காக எழுதியவை, 'தெற்கு அறைக்குக் குளிர்ந்த நிறம்' என்று இருக்கும். டர்பனில் அதை அப்படியே தலைகீழாக்கிப் படிக்க வேண்டும். இந்த வெளிச்சத்தில் சாதாரண வெள்ளை நீலமாகத் தெரியும், சாம்பல் இன்னும் மங்கிப்போகும். அதனால்தான் மேலே மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையை எடுத்தோம்.

கடையில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கையளவு மாதிரிக் கட்டை ஒன்றைக் காட்டினார்கள், ஸ்ப்ரே அடித்தது, நாங்கள் நினைத்த பச்சைதான். கொட்டேஷனில் 'கீழ் அலமாரி: சேஜ் கிரீன், டூகோ' என்று எழுதினார்கள். டூகோ என்பது ஸ்ப்ரே பெயின்ட் வேலை. கலர் கோடு, அதாவது நிறத்தின் குறியீட்டு எண், என்ன என்று கேட்டேன். "அது ஒர்க்‌ஷாப்பில் போட்டுக்கொள்வார்கள், கவலைப்படாதீர்கள் அக்கா" என்றார் அந்தப் பையன். மாதிரிக் கட்டையைக் கேட்டேன், ஒன்றுதான் இருக்கிறது என்று தர மறுத்துவிட்டார். பாதிப் பணம் முன்பணம், கதவு வந்து இறங்கியதும் நாற்பது சதவீதம், வேலை முடிந்ததும் மிச்சம். மொத்தம் தொண்ணூறாயிரம் ரேண்டுக்கு மேல்.

மாட்டி முடித்த அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கதவுகள் ஒரு பச்சை, பக்கவாட்டுப் பலகைகள் இன்னொரு பச்சை. கதவில் நீலம் தூக்கலாக இருக்கிறது, பலகையில் மஞ்சள். இரண்டுமே கடையில் காட்டிய பச்சை இல்லை. போன் செய்தால், "உங்கள் வீட்டு வெளிச்சம் அப்படி" என்று பதில்.

பக்கத்துத் தெருவில் ஒரு அங்கிள் இருக்கிறார், பல வருடங்கள் அலமாரி வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஒரு கதவைத் திறந்து பின்பக்க விளிம்பை நகத்தால் தடவினார். மெல்லிய ஒரு தாள் அங்கே வந்து முடிகிறது. "இது டூகோ இல்லம்மா, ரேப்" என்றார்.

இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் இங்கே கிச்சன் செய்யக் கொடுக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டூகோ என்றால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் மேல் பிரைமர் அடித்து, தேய்த்து, அதன் மேல் ஸ்ப்ரேயில் பெயின்ட் ஏற்றுவது. அந்த எம்டிஎஃப் பலகையைத்தான் இந்த நாட்டில் எல்லோரும் சூப்பாவுட் என்கிறோம். ரேப் என்றால் அதே பலகையின் மேல் பிவிசி தாளைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி ஒட்டவைப்பது. ரேப் மலிவு. முறையாகச் செய்து, வெப்பத்திலிருந்து தள்ளி வைத்தால் அதுவும் மோசமான பொருள் இல்லை. ஆனால் அவன் (oven) அடுப்பின் பக்கத்திலும், கெட்டில் ஆவி படும் இடத்திலும் காலப்போக்கில் தாளின் ஓரம் எழும்பத் தொடங்கும். கடலோர ஈரக்காற்று உள்ள ஊரில், எழும்பிய ஓரம் வழியாக ஈரம் புகுந்தால் பலகை உப்பும். எங்கள் அவன் அடுப்பை ஒட்டிய கதவில் மூலை இப்போதே தூக்கிக்கொண்டிருக்கிறது.

நிறம் மாறிய காரணமும் இதில்தான் இருக்கிறது. பெயின்ட்டை எந்தக் கலர் கோடுக்கு வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். பிவிசி தாள் தொழிற்சாலை தரும் நிறங்களில் மட்டும்தான் கிடைக்கும். நாங்கள் கேட்ட பச்சையில் தாள் கிடைக்காமல், கிட்டத்தட்ட இருக்கும் ஒன்றை எடுத்துக் கதவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கிளின் கணிப்பு. பெரிய பக்கப் பலகைகளுக்கு மட்டும் அதே நிறம் வருகிற மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தாளில் உள்ள நிறமியும் பெயின்ட்டில் உள்ள நிறமியும் வேறு வேறு. அப்படிப்பட்ட இரண்டு பரப்புகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும், இன்னொரு வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரியும். கடையில் இருப்பது மஞ்சள் ஒளி விளக்குகள், 3000 கெல்வின் இருக்கும். எங்கள் ஜன்னல் வெளிச்சம் அதற்கு நேர் எதிர். ஆகவே 'உங்கள் வீட்டு வெளிச்சம்' என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. எல்லாக் கதவும் பலகையும் ஒரே கலவையில் ஸ்ப்ரே செய்திருந்தால் எந்த வெளிச்சத்திலும் ஒன்றுக்கொன்று மாறாது. அந்த மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை.

மர வரி அலமாரியிலும் பலகையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கீழ்க் கதவுகளில் வரி நெட்டாக ஓடுகிறது, மேல் சின்னக் கதவுகளில் குறுக்காக ஓடுகிறது. மெலமைன் பலகையில் வரி ஒரே திசையில்தான் இருக்கும். துண்டுகளைத் திருப்பி வெட்டினால் பலகை குறைவாகச் செலவாகும்.

இதையெல்லாம் சொன்னதும் பேச்சு மாறியது. ஓரத்தை ஒட்டித் தருகிறோம் என்றார்கள், பிறகு ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் வரும் பேட்ச் (batch) வித்தியாசம் என்றார்கள், அப்புறம் கட்டுமான வேலைக்காரர்களின் டிசம்பர் பில்டர்ஸ் விடுமுறை வந்தது. ஜனவரி வரை ஒருவரும் போன் எடுக்கவில்லை.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது: 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 18ஆவது பிரிவின்படி, மாதிரியைக் காட்டியும் விவரத்தைச் சொல்லியும் விற்றால், வரும் பொருள் மாதிரியோடு மட்டும் ஒத்துப்போனால் போதாது, விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். கொட்டேஷனில் 'டூகோ' என்ற ஒரு வார்த்தை இருந்தது இப்போது எங்களுக்குக் கைகொடுக்கிறது. 56ஆவது பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான். ஆறு மாதம் என்பதை மறக்காதீர்கள். இழுத்தடிப்பதே அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதானோ என்று எனக்குச் சந்தேகம். வாட்ஸாப்பில் பேசுவதோடு நிறுத்தாமல், தேதி போட்டு மின்னஞ்சலில் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்துவிட்டு, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் 'நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஒம்பட்ஸ்மனிடம்' புகார் பதிந்திருக்கிறோம். சிறு கோரிக்கை நீதிமன்றமும் உண்டு, வக்கீல் தேவையில்லை. ஆனால் 2019இல் வைத்த வரம்பு 20,000 ரேண்ட், எங்கள் தொகை அதற்கு மேல்.

இனி செய்யக் கொடுப்பவர்கள் கொட்டேஷனில் நான்கு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பலகை, எந்த ஃபினிஷ், யாருடைய நிறம், அதன் கோடு எண். 'சேஜ் கிரீன்' என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பச்சை விற்கும். மர வரி இருந்தால் எந்தத் திசை என்றும் எழுத வேண்டும். மாதிரிக் கட்டையில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். அதைப் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள். அலமாரி இருக்கப்போகும் இடத்தில், உங்கள் கல்லை ஒட்டி, நிமிர்த்தி வைத்துக் காலையிலும் சாயங்காலமும் உங்கள் வீட்டு விளக்கிலும் பாருங்கள். முழுக் கதவு ஒன்றைச் செய்துகொண்டுவந்து காட்டிய பிறகுதான் அடுத்த தவணை என்று பேசிக்கொள்ளுங்கள். மறுக்கிற கடைக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசித் தவணையை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கடைக்காரர் அதைத் தள்ளுபடியாக வைத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளவில்லை, கதவுகளை மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அங்கிளும் நானும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.