மந்திர வித்தையா, நாமே நடத்தும் விளையாட்டா?

சின்னக் குழந்தையின் பிறந்தநாளுக்கு மந்திர வித்தைக்காரரை அழைப்பதா, விளையாட்டுகளை நாமே நடத்துவதா என்று பல பெற்றோர் குழம்புகிறார்கள்.

செலவு: வித்தைக்காரருக்குக் கட்டணம் உண்டு. விளையாட்டுக்குப் பாட்டும் கொஞ்சம் இடமும் போதும்.

உழைப்பு: வித்தை நடக்கும்போது நீங்கள் சற்று மூச்சு விடலாம். விளையாட்டென்றால் பெரியவர் ஒருவர் கடைசிவரை கூடவே நிற்க வேண்டும்.

வயது: இதுதான் முக்கியம். நாணயம் மறைவதில் என்ன வியப்பு என்பதே மூன்று வயதுக் குழந்தைக்குப் பிடிபடாது. பாதியில் எழுந்து போய் வித்தைப் பெட்டிக்குள் கையை விடும். ஐந்து, ஆறு வயதில்தான் ‘எப்படி?’ என்று கண்கள் விரியும். விளையாட்டிலும் சிக்கல் உண்டு. நாற்காலிப் போட்டியில் முதலில் வெளியேறும் குழந்தை தேம்பித் தேம்பி அழும். யாரையும் வெளியேற்றாமல், பாட்டு நின்றதும் சிலையாக நிற்கச் சொல்லுங்கள். எல்லோரும் கடைசிவரை ஆடுவார்கள்.

பாதுகாப்பு: இரண்டிலும் பலூன் வரும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் சிக்கினால் மூச்சடைத்துவிடும்.

நான்கு வயதுக்குள் என்றால் விளையாட்டுதான் என் தேர்வு. ஐந்தைத் தாண்டிய குழந்தைகள், கூட்டமும் பெரிது என்றால் வித்தைக்காரரை அழையுங்கள். அரை மணி நேரம் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.