உப்புக் காத்தும் என்ர அக்ஸியோவும்: கொண்டென்சர் மாத்தி ரெண்டு சோளகத்துக்குப் பிறகு

முதல்லயே முடிவச் சொல்லிடுறன். கார் ஏசிக்குப் போட்டது தாய்வான் கொண்டென்சர் (ஏசி காஸில உள்ள சூட்ட வெளியில விடுற சாமான்), ஜெனுயின் இல்லை, போட்டு ரெண்டு சோளகம், அதாவது ரெண்டு தென்மேல் காத்துக் காலம், தாண்டியாச்சு, இன்னும் ஒருக்காலும் ஏசிக்குக் காஸ் அடிக்கேல்ல. ஆனா அந்தப் புகழ் சாமானுக்குப் போகக்கூடாது, பூட்டின விதத்துக்குத்தான் போகோணும், ஏன் எண்டா இதே மாதிரி தாய்வான் சாமானைப் போட்டு ஒரு வருசம் போக முதல் திருப்பிக் கழட்டின ஆக்களையும் எனக்குத் தெரியும்.

கார் டொயோட்டா 141 அக்ஸியோ. 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதில இருந்து இஞ்ச எல்லாரும் இருக்கிறத வச்சே இழுத்து ஓடப் பழகிட்டம், 2025இல திருப்பித் திறந்து விட்டாலும் வரியோட சேத்து விலையக் கேட்டா பழைய கார்ல பாசம் இன்னும் கூடுது. வீடு யாழ்ப்பாணத்தில கோண்டாவில், வேலை வேலணைத் தீவில, அதால பண்ணைப் பாலத்தாலதான் போக்குவரத்து. ரெண்டு பக்கமும் கடல். சோளகம் பிடிச்சா கரையில அடிக்கிற தண்ணி தூவானமா வந்து முன்கண்ணாடியில படும், வைப்பரப் போட்டா வெள்ளையா இழுபடும். அந்த உப்பு கண்ணாடியோட நிக்காதுதானே. ஏசி கொண்டென்சர் இருக்கிறது கிரில்லுக்குப் பின்னால, றேடியேற்றருக்கு முன்னால, வாற காத்து முதல்ல முட்டுறதே அதிலதான். சிகரெட் பெட்டிக்குள்ள வாற ஈயக் கடதாசி மாதிரி மெல்லிய அலுமினியத் தகடு. எங்கட பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி அதில படிஞ்சு மேல உப்பீரமும் ஏறினா லேசில காயாது, உள்ளுக்க கிடந்து அரிச்சுக்கொண்டே இருக்கும்.

வருத்தம் தொடங்கினது இப்பிடி. ஓடேக்க குளிரும், கொக்குவில்ல ரெயில் கேட் போட்டு நிண்டா கொஞ்ச நேரத்தில வெக்கைக் காத்து வரும், கேட் திறந்து ஓட வெளிக்கிட்டா திருப்பிக் குளிரும். இந்தக் குறி கண்டா காஸ் எண்டு உடன முடிவு கட்டாதேங்கோ. கொண்டென்சர்ட வேலை கொம்பிரசர் அமத்தி அனுப்புற சூடான காஸில இருந்து சூட்ட எடுத்து வெளியில விட்டு அதத் திரவமாக்கிறது. ஓடேக்க காத்து தானா வந்து அந்த வேலையச் செய்து குடுக்கும், நிக்கேக்க ஃபேன் ஒண்டுதான் துணை. அதால ஃபேன் மோட்டர் களைச்சாலும் இதே குறிதான், தகட்டுக்குள்ள புழுதி அடைச்சாலும் இதே குறிதான், காஸ் குறைஞ்சாலும் கிட்டத்தட்ட இப்பிடித்தான்.

நான் முதல் போன கராஜ்ல பொனட்டத் திறந்து எட்டிப் பாத்திட்டு "தம்பி, காஸ் கொஞ்சம் அடிச்சு விடுறன், ஓடும்" எண்டு சொல்லிச்சினம். ஓடினதுதான். பேந்து சூடு. திருப்பிப் போனா திருப்பி அதே கதை. எனக்கு இதில உள்ள கோவம் காசுக் கோவம் இல்லை. ஏசி எண்டது பூட்டின சுத்து, அதில காஸ் செலவழியிறேல்ல, குறைஞ்சா எங்கயோ போகுது எண்டுதான் அர்த்தம். போற காஸோட கொம்பிரசர் ஒயிலும் கசியும், மிச்ச ஒயிலச் சுத்திக்கொண்டு வாறதும் அதே காஸ்தான், காஸ் குறைஞ்சா ஒயில் கொம்பிரசருக்குத் திரும்பாது, அது காஞ்சு தேயும். தேஞ்ச தூள் முழுக்கப் பைப்புகளுக்குள்ள போகும். உப்பிடி மேலால மேலால அடிச்சு விட்டா, கொண்டென்சரோட போக வேண்டிய செலவு கொம்பிரசருக்கும் வந்து நிக்கும்.

அதால ஆள மாத்தினன். சுன்னாகப் பக்கம் ஏசி வேலை மட்டும் செய்யிற ஒரு அண்ணை, வாய் குறைவு, கை சுத்தம். அவர் காஸைப் பற்றிக் கதைக்கவே இல்லை. டோர்ச் அடிச்சுக் கொண்டென்சர்ட கீழ் மூலையக் காட்டினார், அதில மட்டும் புழுதி கறுப்பா, ஈரமா ஒட்டிக்கொண்டு இருந்தது. "ஒயில் நிக்கிற இடத்தில காஸ் போகுது" எண்டார். பிறகு மிச்சக் காஸை எடுத்திட்டு நைதரசன் அடிச்சுச் சவுக்காரத் தண்ணி தடவ, அதே மூலையில நுரை முட்டை முட்டையா வந்துது. நைதரசன் ஏன் எண்டா அதில ஈரம் இல்லை, கராஜ்ல ரயருக்கு அடிக்கிற கொம்பிரசர்க் காத்து அடிச்சா தண்ணியும் சேந்து உள்ளுக்க போகும். சில இடத்தில அந்தக் காத்தையே அடிச்சுப் பாக்கிறவை, அங்க நிக்காமல் வந்திடுங்கோ.

பம்பரக் கழட்டிப் பழசை வெளியில எடுக்க, கீழ்ப் பக்கம் தகடு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. விரல் பட்ட இடம் வெள்ளைத் தூளாக் கொட்டிச்சு. இடையில தும்பிச் செட்டைகள் வேற, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு. மேல் பாதி ஏறக்குறையப் புதுசு. ஒட்டித் தரலாமோ எண்டு கேட்டன், அந்தப் பைப்புக்குள்ள தலைமயிர் போற அளவு சின்னச் சின்னத் துவாரங்கள்தான் இருக்கு, ஒரு இடத்த ஒட்டினா பக்கத்தில வெடிக்கும், அங்க பிறஷர் 200 பிஎஸ்ஐக்கு மேல ஏறும் எண்டார். சரி எண்டு விட்டிட்டன்.

சாமான் கதைக்கு வருவம். மூண்டு வழி இருக்கு. டொயோட்டாவுக்கு ஏசி சாமான் செய்யிற டென்சோவின்ர ஜெனுயின், விலை கேட்டால் ஏசியே வேண்டாம் எண்டு வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஜப்பான்ல இருந்து வந்த கழட்டின சாமான் எடுக்கலாம், இரவு பஸ்ஸில போட்டு விட விடிய இஞ்ச எடுக்கலாம், ஆனா வாய்ப்பக்கம் மூடாமல் கனநாள் திறந்து கிடந்த கொண்டென்சர் எண்டா எடுக்கவே கூடாது எண்டது என்ர கருத்து. ஏன் எண்டா இந்த மொடல்களில ட்ரையர் கொண்டென்சர்ட பக்கத்திலயே ஒரு குழாயா ஒட்டி வரும், அதுக்குள்ள இருக்கிற மணிகளின்ர வேலை ஈரத்த உறிஞ்சுறது, திறந்து கிடந்தா காத்தில உள்ள ஈரத்தையே குடிச்சு முடிச்சிடும். பிறகு போட்டும் பிரயோசனம் இல்லை. மூண்டாவது தாய்வான். வாங்கேக்க ரெண்டு வாய்க்கும் மூடி இறுக்கமா இருக்கோ, மூடியத் திறக்க "உஸ்" எண்டு காத்து வருதோ எண்டு பாருங்கோ, அந்தச் சத்தம் வந்தா உள்ளுக்க நைதரசன் அடைச்சபடி இருந்திருக்கு. என்ரதில வந்துது. தகடு ஜெனுயினை விட ஐதாத்தான் இருந்தது, ஒரு பிராக்கெட் ஓட்டையும் கொஞ்சம் விலகி, அண்ணை அரம் எடுத்து ராவித்தான் பூட்டினார்.

பூட்டின அண்டு நான் கிட்ட நிண்டு பாத்ததில முக்கியமானது இதுகள்தான். ஓ ரிங் எல்லாம் புதுசு, ஏசிக்கெண்டு வாற பச்சை ரிங், பூட்ட முதல் ஒவ்வொண்டுக்கும் ஏசி ஒயில் தடவினது. புதுக் கொண்டென்சருக்குள்ள அளந்து கொஞ்சம் ஒயில் விட்டது, பழசோட போன ஒயிலுக்கு ஈடா. பழசைச் சுத்தி இருந்த ஸ்பொஞ்சுப் பட்டிய உரிச்சுப் புதுசில ஒட்டினது, இதக் கனபேர் எறிஞ்சிடுவினம், ஆனா அந்தப் பட்டி இல்லாட்டி றேடியேற்றர் சூடு சுத்தி முன்னுக்கு வந்து திருப்பிக் கொண்டென்சருக்குள்ளயே போகும். பிறகு உள்ளுக்க இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுக்க வக்கியூம் பம்ப், அரை மணித்தியாலத்துக்கு மேல ஓட விட்டு, நிப்பாட்டிப் போட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சு முடியும் வரைக்கும் பிறஷர் கேஜ் முள்ளு அசையுதோ எண்டு பாத்தவர். அசையேல்ல. கடைசியா ஏசிக்குப் போடுற 134ஏ காஸ், தராசில போத்திலை வச்சுக் கிராம் கணக்கில. பொனட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல அளவு இருக்கும், சின்னக் கார்களுக்குப் பொதுவா 400, 500 கிராம் அளவுதான், அதில 100 கிராம் கூடினாலும் குறைஞ்சாலும் குளிர் குழம்பும். கேஜ மட்டும் பாத்து "காணும்" எண்டு சொல்லுறது எங்கட வெக்கைக்குச் சரிவராது, வெளிச் சூடு மாற கேஜும் மாறும்.

அதுக்குப் பிறகு எப்பிடி எண்டால், ஓடேக்க எந்தக் குறையும் இல்லை. சித்திரை வெக்கையில மத்தியானம் வெயிலுக்க நிண்ட காரை எடுத்தாலும் பண்ணை தாண்ட முதல் குளிர்ந்திடும். நிக்கேக்க மட்டும் பழைய ஜெனுயின் புதுசா இருந்த காலத்து அளவு இல்லை, நல்லூர்த் திருவிழா நேரம் றோட்டுகள் மூடி ஊர்ந்து ஊர்ந்து போகேக்க அது தெரியும், குளிர் இருக்கு ஆனா அந்த வெடவெடப்பு இல்லை. அந்த விலை வித்தியாசத்துக்கு எனக்கு இது காணும். ஒரு தரம் குளிர் குறைஞ்ச மாதிரி இருந்து அண்ணையிட்டக் கொண்டுபோனா, கபின் பில்ற்றர் அடைச்சிருந்ததாம், கையோட தட்டி மாத்தி விட்டார், காசும் வாங்கேல்ல. தகட்டில இப்ப அங்கங்க மங்கின வெள்ளைப் புள்ளி தொடங்கியிருக்கு, ஒயில் ஈரம் ஒண்டும் இல்லை. இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கும்.

சோளகக் காலத்தில கிழமைக்கொருக்கா கிரில்லுக்குள்ளால தண்ணி விடுறன். வேலணையில கழுவுறேல்ல, அங்க கன கிணத்தில சவர்த் தண்ணி, உப்பைக் கழுவ உப்புத் தண்ணியே விட்டு என்ன செய்ய. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில, தோட்டத்துக் குழாயால, வேகம் இல்லாமல், எஞ்சின் ஆறின பிறகு. சேர்விஸ் ஸ்டேஷன்ல பிறஷர் கன்னைக் கிட்ட வச்சு அடிக்க விடாதேங்கோ, தகடு படுத்திடும், படுத்த தகட்டுக்குள்ளால காத்துப் போகாது. மாரிக்கு ஏசி தேவையில்லாட்டியும் இடைக்கிடை போட்டு ஓடுங்கோ, 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் மாசக்கணக்கில நிண்ட கார்களில கொம்பிரசர் சீல் காஞ்சு லீக் அடிச்சது கன பேருக்குத் தெரியும்.

அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வச்சிருக்கிறவை நான் மேல சொன்ன ஒயில் கதைய அப்பிடியே எடுக்கக் கூடாது. அதுகளில கொம்பிரசர் கரண்டில ஓடுறது, அதுக்குப் போடுறது கரண்ட் கடத்தாத ஒயில், டென்சோவின்ர என்டி 11. என்ர கார் மாதிரி பெல்ட்டில ஓடுறதுக்குப் போடுற என்டி 8 கொஞ்சம் கலந்தாலும் கொம்பிரசர்ல கரண்ட் கசிஞ்சு ஹைபிரிட் லைற் பத்தும். வேலை செய்யப்போற ஆளிட்ட முதல் கேள்வியா அதக் கேளுங்கோ, சாதாரண கார்களுக்குப் பாவிக்கிற அதே கேஜ் ஹோஸை உங்கட கார்லயும் கொழுவப் போறாரோ எண்டும் சேத்துக் கேளுங்கோ, அந்த ஹோஸுக்குள்ள ஒட்டிக் கிடக்கிற மற்ற ஒயில் உள்ளுக்க போய்க் கலந்திடும்.