'ஆறு மாத உரம்' என்று உதிரியாக வரும் கலர் குருணை: வாங்காதீர்கள்

'ஒருமுறை போட்டால் ஆறு மாதம் கவலையில்லை' என்று ஆன்லைனில் விற்ற குருணை உரம், தொட்டிச் செம்பருத்தியையும் இட்லிப்பூவையும் ஒரே வாரத்தில் கருக்கிவிட்டது. பாக்கெட்டில் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சதவீதம் இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை. 'தொட்டிக்கு இரண்டு கைப்பிடி' என்று மட்டும் இருந்தது. நிஜமான ஆறு மாத உரமே பத்து லிட்டர் தொட்டிக்கு 30 முதல் 40 கிராம் போதும்!

மெதுவாகக் கரையும் உரத்தில் ஒவ்வொரு குருணை மணிக்கும் மெல்லிய பிசின் உறை உண்டு. ஈரம் உள்ளே போய், சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இங்கே வந்ததோ சாயம் பூசிய சாதாரணக் குருணை. முதல் தண்ணீரிலேயே மொத்த உர உப்பும் வேரடியில் இறங்கியது. மண்நீரில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும், இலை விளிம்பு பழுப்பாகிக் காய்ந்து சுருளும், மண்மேல் வெள்ளைப் படலம் படியும்.

போடுவதற்கு முன் பத்து மணிகளை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். அசல் மணி உருண்டையாகவே கிடக்கும், நகத்தால் நசுக்கினால் உறை உடைந்து உள்ளிருப்பது பிதுங்கும். போலி காலையில் கலங்கல் நீராகவோ குழைந்த சேறாகவோ இருக்கும். (அசலிலும் 'ஆறு மாதம்' என்பது பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வெயில் கூடினால் காலம் குறையும்.)

விற்றவரிடம் புகார் சொன்னதற்கு வந்த பதில்: 'எப்சம் உப்பு போடுங்க, சரியாயிடும்.' அது மக்னீசியம் சல்பேட். உப்பால் கருகிய வேருக்கு இன்னும் கொஞ்சம் உப்பு!

ஏற்கெனவே போட்டவர்கள் மேல்மண்ணை ஓரங்குலம் சுரண்டி, தெரியும் மணிகளை எடுத்துவிடுங்கள். அடித்தட்டை அகற்றி, தொட்டி கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீரை நிதானமாக ஊற்றி வடிய விடுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. நேரடி வெயில் வேண்டாம். கிளையை உடனே வெட்டாதீர்கள். நகத்தால் கீறிப் பாருங்கள், பட்டைக்கடியில் பச்சை இருந்தால் அங்கே துளிர் வரும். புதுத் துளிரில் நாலைந்து இலை விரியும்வரை எந்த உரமும் கூடாது. பிறகும் வழக்கமான அளவில் பாதிதான், ஈர மண்ணில், தண்டை விட்டுத் தள்ளி.