பழைய சி சோதனை நிரல்களை சி23-க்கு மாற்றுதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சி கம்பைலர் சோதனைத் தொகுப்பைப் பல ஆண்டுகள் பராமரிப்பவர்களுக்கு, சி மொழியின் தரநிலை மாறும்போது (இங்கே சி23) உடையும் நிரல்கள் பெரிய தொல்லை அல்ல. உடையாமலே பொருள் மாறிப்போகும் நிரல்கள்தான் தொல்லை.

ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பு (2015) இயல்புத் தரநிலையை ஜிஎன்யு90-லிருந்து ஜிஎன்யு11-க்கு (ஜிஎன்யு என்றால் தரநிலையோடு ஜிசிசி-யின் நீட்டிப்புகளும் சேர்ந்தது) மாற்றியபோது, எக்ஸ்டெர்னோ ஸ்டேட்டிக்கோ இல்லாத இன்லைன் ஃபங்ஷன்கள் லிங்க் கட்டத்தில் விழுந்தன. ஜிசிசி 14 (2024) அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதையும் வகையை எழுதாமல் விடுவதையும் எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. ஜிசிசி 15 (2025) ஜிஎன்யு23-ஐ இயல்பாக்கியது. மூன்றிலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான்.

"ஆட்டோ எக்ஸ் = 1.5;" என்ற வரியைப் பாருங்கள். பழைய சி-யில் எக்ஸ் ஒரு இன்ட், மதிப்பு 1. ஜிசிசி 14-ல் அது பிழை. ஜிஎன்யு23-ல் எக்ஸ் ஒரு டபுள், மதிப்பு 1.5. கம்பைல் ஆனால் போதும் என்று எழுதிய சோதனை இப்போதும் தேறும். ஆனால் எதைச் சோதிக்க எழுதினார்களோ அது அங்கே இல்லை.

வெற்று அடைப்புக்குறி இன்னும் நுட்பமானது. "இன்ட் எஃப்();" என்பது சி23-ல் ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லை என்று பொருள்படும்; எஃப்(1, 2) என்று அழைத்தால் பிழை. உடனே முழு புரோட்டோடைப் (ஆர்க்யுமென்ட் வகைகளையும் சொல்லும் அறிவிப்பு) எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் சோதனையின் நோக்கத்தைப் படியுங்கள். புரோட்டோடைப் இல்லாத அழைப்பில் ஃப்ளோட் டபுளாக உயர்கிறது; எக்ஸ்86-64 லினக்ஸில் அழைக்கும் பக்கம் ஏஎல் ரெஜிஸ்டரில் வெக்டர் ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கையையும் வைக்கிறது. புரோட்டோடைப் வந்ததும் இரண்டும் போய்விடும். அழைப்பு மரபைச் (ஆர்க்யுமென்ட்கள் அனுப்பப்படும் விதத்தை) சோதிக்கும் நிரலென்றால் உடலைத் தொடாமல், டிஜி-ஆப்ஷன்ஸில் (சோதனைக் கோப்பிலேயே கம்பைலர் விருப்பங்களைச் சொல்லும் குறிப்பில்) ஜிஎன்யு17 என்று பூட்டுவதே சரி. சில பிழைகளை எச்சரிக்கையாகத் தளர்த்தும் எஃப்பெர்மிசிவ் விருப்பம் இங்கே உதவாது: ஆர்க்யுமென்ட் அதிகம் என்ற பிழையை அது தளர்த்தாது. மாறாக, அறிவிக்காத ஃபங்ஷன் பிழைக்கு ஜிஎன்யு17 உதவாது. அதற்கு எஃப்பெர்மிசிவ் அல்லது ஜிஎன்யு90 வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் நேரம் வீணாகிறது.

அபார்ட் (நிரலை உடனே நிறுத்தும் ஃபங்ஷன்) அறிவிக்கப்படவில்லை என்றால் எஸ்டிடிலிப் ஹெடரைச் சேர்க்காதீர்கள். இயங்குதளமே இல்லாத இலக்குகளில் அந்த ஹெடர் இல்லாமல் போகலாம். "வாய்ட் அபார்ட்(வாய்ட்);" என்ற ஒரு வரி போதும். அதையும் புது வரியாக நுழைக்காமல், ஏற்கெனவே உள்ள அறிவிப்பு வரியின் முடிவில் ஒட்டுங்கள். டிஜி-எரரில் (எங்கே பிழை வர வேண்டும் என்று சொல்லும் குறிப்பில்) வரி எண்ணை நேரடியாக எழுதிய சோதனைகளில் ஒரு வரி கூடினாலும் எதிர்பார்ப்பு தவறிப்போகும்.

பூல் (உண்மை, பொய் என்ற இரு மதிப்புள்ள வகை) இப்போது கீவேர்ட்; "டைப்டெஃப் இன்ட் பூல்;" பிழை. அந்த வரியை அழித்தால் கம்பைல் ஆகும், ஆனால் எக்ஸ்86-64-ல் 4 பைட் 1 பைட்டாகச் சுருங்கும், 2-ஐ வைத்தால் 1 என்று படிக்கும். ஸ்ட்ரக்ட் அமைப்பைச் சோதிக்கும் நிரலில் வகைக்கு வேறு பெயர் கொடுப்பதே பாதுகாப்பு. ட்ரூ, ஃபால்ஸ் என்று பெயரிட்ட ஈனம்களுக்கும் இதேதான்.

மாற்றும் முன் பழைய கம்பைலரில் ஓடிய சோதனைகளின் முடிவுகள் பதிவான சம் கோப்பை எடுத்துவைத்து, பின்னர் வரிவரியாக ஒப்பிடுங்கள். ஃபெயில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கம்பைல் தவறிய நிரலின் இயக்கச் சோதனை அன்ரிசால்வ்ட் என்று பதிவாகும். அந்த நிரலின் ஓட்டம் சோதிக்கப்படவே இல்லை என்று பொருள்.