பீடபூமியின் விளிம்பைப் பார்க்க: ஓக் க்ரீக்கா, கிராண்ட் கேன்யனா?

அரிசோனாவில் கொலராடோ பீடபூமியின் பழைய விளிம்பைப் பாறையிலேயே பார்க்க ஒரு நாள்தான் கையில் இருந்தால்?

ஆழம்: கிராண்ட் கேன்யன் சுமார் 1.6 கி.மீ. ஓக் க்ரீக் பள்ளத்தாக்கு அதில் பாதிகூட இல்லை.

விளிம்பு: கிராண்ட் கேன்யனின் தென்கரை பீடபூமிக்கு உள்ளேயே இருக்கிறது, மேற்கு எல்லையான கிராண்ட் வாஷ் செங்குத்துப் பாறைகள் வெகுதூரம். ஓக் க்ரீக் ஓடையோ பீடபூமியின் தெற்கு விளிம்பான மொகொயோன் செங்குத்துச் சரிவையே அறுத்து ஓடுகிறது. மேற்குச் சுவரின் உச்சியில் வெளிறிய கைபாப் சுண்ணாம்புக்கல், எதிரே கிழக்கில் கறுத்த எரிமலைக்குழம்புப் பாறை. இடையில் ஓடும் நிலப்பிளவில் (பாறை உடைந்து நகர்ந்த கோடு) கிழக்குப் பக்கம் இறங்கிவிட்டது. ஒரே உயரத்தில் இருப்பதை ஒரே அடுக்கு என்று கோத்தால் கணக்குத் தப்பும் (பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்). கொகொனினோ மணற்கல்லின் வெளிர்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் ஒப்பிடுங்கள்.

எளிமை: ஓக் க்ரீக்கில் 89ஏ சாலையோரக் காட்சிமுனையே போதும்.

170 கோடி ஆண்டுப் பாறைவரை அடுக்கடுக்காக வேண்டுமென்றால் கிராண்ட் கேன்யன். விளிம்புதான் தேடல் என்றால் யோசிக்காமல் ஓக் க்ரீக்.