பாட்டுக்குப் பதிப்புரிமைப் பதிவு: ஆன்லைன் சேவை தேறுமா?

முதலில், இதற்காகக் கிண்டிக்கு வண்டியை எடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தில் பேட்டன்ட், டிரேட்மார்க், புவிசார் குறியீடு எல்லாம் உண்டு. பாட்டுக்கான பதிவு அங்கே இல்லை. அது தில்லி துவாரகாவில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்தின் வேலை. பேட்டன்டையும் காப்பிரைட்டையும் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகியதால் வரும் அலைச்சல் இது. சாலிகிராமத்து ஸ்டுடியோவில் உட்கார்ந்தபடியே காப்பிரைட்.ஜிஓவி.இன் தளத்தில் விண்ணப்பித்துவிடலாம்.

கட்டணம் நியாயமானது. ஆனால் நாம் ‘ஒரு பாட்டு’ என்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மூன்றாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, மாஸ்டர் (பாடி முடித்துத் தயாரான இறுதி ஆடியோ) ஒலிப்பதிவு. மூன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். வரிக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆக 3,000. மாஸ்டரை மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பெரிய தப்பு. வேறொருவர் அதே மெட்டை வேறு குரலில், வேறு வாத்தியத்தில் புதிதாகப் பதிவு செய்து ஏற்றினால், ஒலிப்பதிவுச் சான்றிதழ் அங்கே செல்லாது. மெட்டுக்கான பதிவுதான் கைகொடுக்கும். கையில் காசு கம்மியென்றால் 2,000-ஐத் தள்ளிப்போட்டு, வரிக்கும் மெட்டுக்குமான 1,000-ஐ முதலில் கட்டுங்கள்.

நிரப்ப வேண்டியது ஃபார்ம் 14. சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ‘வெளியானதா, வெளியாகாததா’ என்ற கட்டம். பாட்டைப் பொதுமக்கள் கேட்கும்படி வைத்தாலே சட்டப்படி வெளியீடுதான். யூடியூப்பும் அதில் அடக்கம். பல்லவியை ரீல்ஸில் டீசராக விட்டுவிட்டு ‘வெளியாகாதது’ என்று டிக் அடித்தால், பின்னால் கோர்ட்டில் எதிராளி வக்கீல் பிடிக்கும் முதல் நூல் அதுவாகத்தான் இருக்கும். டீசருக்கு முன்பே விண்ணப்பத்தைப் போடுங்கள். பாட்டு வெளிவந்த பிறகு ஃபார்ம் 15 மூலம் விவரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று என்ஓசி, அதாவது ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்ற கடிதம். விண்ணப்பதாரர் வேறு, எழுதியவர் வேறு என்றால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும். ஒலிப்பதிவுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் எல்லோரிடமும் வாங்கி வையுங்கள். ரெக்கார்டிங் அன்றே, பேமென்ட் கொடுக்கும்போதே வாங்கிவிடுவது உத்தமம். பாட்டு ஹிட்டான பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்! கீபோர்டு புரோகிராமர் இன்ட்ரோ மெட்டைத் தானே போட்டிருந்தால், அவர் பங்கு என்ன என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். உரிமை கைமாறுகிறது என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பணம் கட்டியதும் டைரி நம்பர், அதாவது விண்ணப்பத்துக்கான எண், வரும். அதன்பின் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பது கட்டாயம். பிறகுதான் பரிசோதனை. குறை இருந்தால் கடிதம் வரும். மெயிலைப் பார்க்காமல் கெடுவைக் கோட்டைவிட்டால் விண்ணப்பமே போய்விடும். சான்றிதழுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் ரிலீஸ் தேதியை அதோடு முடிச்சுப் போடவேண்டாம். டைரி நம்பர் வந்ததும் பாட்டை விடலாம். பாட்டு உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவேடு 48-ஆம் பிரிவின்படி முதல்நோக்குச் சான்று (தவறென்று எதிராளி நிரூபிக்கும்வரை கோர்ட் ஏற்கும் சான்று), அவ்வளவுதான். தேதியுள்ள டெமோ, செஷன் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.

ஏஜென்ட் தேவையா? ஃபார்ம் ஆங்கிலத்தில் இருப்பது தயக்கமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்ஓசிக்கு அலைவது எப்படியும் நீங்கள்தான். ‘ஒரே வாரத்தில் சான்றிதழ்’ என்று யாராவது சொன்னால் மேலே சொன்ன 30 நாளை நினைத்துக்கொண்டு இடத்தைக் காலிசெய்யுங்கள்.

எதைப் பதிய முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். தலைப்புக்கு உரிமை இல்லை. கல்யாணியில் மெட்டுப் போட்டால் மெட்டு உங்களுடையது, கல்யாணி இல்லை. பாரதியார் பாட்டுக்கு இசையமைத்தால் 500 ரூபாய் விண்ணப்பம் இசைக்கு மட்டும். பலருக்கும் விற்கப்படும் லீஸ் பீட்டின் (பயன்படுத்த மட்டும் அனுமதி தரும் ரெடிமேட் பின்னணி இசை) மேல் வரி எழுதிப் பாடியிருந்தால், அந்த பீட்டை உங்கள் இசைப் படைப்பாகக் காட்டாதீர்கள்.

இந்தப் பதிவால் ராயல்டி தானாக வராது. அதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனியாக உறுப்பினராகிப் பாட்டைத் தெரிவிக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் தில்லிக்கு ஓட வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சென்னையிலேயே, தொடுக்கலாம்.