பிள்ளைகளுக்குப் பிரஷர் பட்டி: வயசா, கையளவா?

எங்கட மகனுக்கு 15 வயசு, வாட்டசாட்டமான உடம்பு. பிரஷரை வீட்டிலும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். தங்கச்சியின் மகளுக்கு 10 வயசு. சிறுநீரக நோய்க்கு ஸ்டீரொயிட் குடிப்பதால் அவளுக்கும் பார்க்க வேண்டும். கல்லடியில் பக்கத்துப் பக்கத்து வளவு என்பதால் ஒரு மெசின் போதும், மேற்கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டிதான் கேள்வி.

மட்டக்களப்பு டவுண் பாமசிகளில் விசாரித்ததில் மூன்று வழி தெரிந்தது. மெசினோடு வரும், 22–32 சென்ரிமீற்றர் கைச்சுற்றளவுக்கான பட்டி, 22–42 வரை போகும் பெரிய பட்டி, ஆளாளுக்குத் தனிப் பட்டி. நான் மூன்றாவதின் பக்கம். மணிக்கட்டு மெசின் பிள்ளைகளுக்குச் சரிவராது, அதை விடுவோம்.

‘சிறுவர்’, ‘பெரியோர்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் கணக்குப் பிழைக்கும். தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் தையல் ரேப்பைச் சுற்றிப் பாருங்கள். பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 வீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 வீதம். மகனின் கை 35 சென்ரிமீற்றர். அப்படியென்றால் அகலம் 14, நீளம் 28க்குக் குறையக்கூடாது. மருமகளின் கை 20தான். அவளுக்கு 8, 16 போதும்.

மெசினோடு வந்த பட்டியை மகனுக்குக் கட்டினால் விளிம்பிலுள்ள கோடு, காட்டியிருக்கும் எல்லைக்குள் வரவே வராது. காற்று ஏற ஏற ஒட்டுப்பட்டி படபடவென்று கழன்றுவிடும். கழராவிட்டாலும் ஆபத்துதான், சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும். 13 வயசிலிருந்து 130/80 வந்தாலே உயர் பிரஷர் என்ற கணக்கில், சுகமாயிருக்கும் பெடியனையும் நோயாளியாக்கிவிடும். பெரிய பட்டி குறைத்துக் காட்டும், ஆனால் பிழை அவ்வளவு பெரிதல்ல. இரண்டு அளவுக்கு நடுவில் கை விழுந்தால் பெரியதை எடுங்கள்.

22–42 பட்டி மகனுக்குப் பொருந்துகிறது. அவன் மட்டும் என்றால் அதோடு நிறுத்தியிருப்பேன். மருமகளின் கைக்கு அது தொளதொள. அவளுக்கு 17–22 பட்டியைச் சொல்லிவைத்துத்தான் எடுத்தோம், செலவும் கூடத்தான். மெசின் எந்தக் கம்பனியோ பட்டியும் அதுவாக இருக்க வேண்டும், குழாய் பொருந்துகிறதென்று வேறொன்றை மாட்டக்கூடாது.

ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் பார்க்கும் மெசினில் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வீட்டில் பிரஷர் கூடுதலாகக் காட்டினால் கிளினிக்கில் அதை வைத்துத்தான் உறுதிசெய்வார்கள். போகும்போது உங்கட பட்டியையும் கொண்டுபோய் தாதி மிஸ்ஸியிடம் ஒருக்கால் காட்டுங்கள்.